வீட்டுப் பட்டறையில் மரத்தூளைப் பிடிப்பது

மொட்டை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் பட்டறை. கையில் பிடிக்கும் வட்ட ரம்பம் ஒன்று, பலகையில் பள்ளமும் விளிம்பும் குடையும் ரவுட்டர் ஒன்று, உப்புத்தாளை ஓட்டித் தேய்க்கும் சாண்டர் ஒன்று, கொஞ்சம் உளிகள், ஓர் இழைப்புளி. மரவேலை பழக ஆரம்பித்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரித் தட்டுகளுக்காக எம்.டி.எஃப். பலகை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) அறுத்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் தரையைப் பெருக்கி, தூளைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, திருப்தியாக உட்கார்ந்து டீ குடித்தேன். கரண்ட் போனது. செல்போன் டார்ச்சைப் போட்டதும்தான் தெரிந்தது, ஒளி போகும் பாதை முழுக்கப் பால் கலந்த தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. பெருக்கி முடித்து இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அதைத்தான் டீயோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தூசு உறிஞ்சி வாங்கப் போகிற பெரும்பாலானவர்கள் தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். தரையில் விழுந்த தூள் விளக்குமாறுக்கே அடங்கிவிடும். காசு போட்டு இயந்திரம் வாங்குவது விழாமல் நிற்கிற தூளுக்காக. இதைப் பிடித்துக்கொண்டால் எதை வாங்கலாம், எதைத் தள்ளிப் போடலாம் என்பது பாதி விளங்கிவிடும்.

எது விழும், எது நிற்கும்

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நெல்மணி காலடியில் விழும், பதர் கொஞ்சம் தள்ளி விழும், தூசி எங்கே போகிறது என்றே தெரியாது. ரம்பத்திலிருந்து கிளம்புவதும் இதே கலவைதான்.

தூளின் அளவை மைக்ரானில் சொல்வார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காற்று அசையாத அறையில் 100 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் கீழே விழ நான்கைந்து விநாடி போதும். 10 மைக்ரான் துகளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கோ ஏறத்தாழ எட்டு மணி நேரம். அதுவும் ஃபேன் ஓடாமல், ஆள் நடமாடாமல் இருந்தால். துகளின் அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் விழும் வேகம் ஏறக்குறைய நூறில் ஒன்றாகிவிடுகிறது; அதனால்தான் இவ்வளவு வித்தியாசம்.

உடம்புக்குள்ளும் இந்த அளவுக் கணக்குதான். பெரிய துகள் மூக்கிலேயே தங்கிவிடும். பத்து மைக்ரானுக்குக் கீழே போனால் மார்பு வரை இறங்கும். இரண்டரை மைக்ரானுக்குக் கீழே இருப்பது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேரும். மூக்கில் தங்குவதும் சும்மா இருப்பதில்லை. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்கிற ஊர் நாற்காலி செய்வதற்குப் பெயர் போனது. அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்டும் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களும் 1960களில் ஒன்றைக் கவனித்தார்கள்: மூக்கின் உட்பகுதியில் வருகிற அரிய வகைப் புற்றுநோய், அந்த வட்டாரத்து மரச்சாமான் தொழிலாளர்களுக்கு மட்டும் அளவுக்கு மீறி வந்துகொண்டிருந்தது. ஆய்வு 1968இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் மரத்தூளை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஆயுள் முழுக்கத் தினமும் எட்டு மணி நேரம் அந்தத் தூளில் நின்றவர்கள். நமக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆனால் ஒவ்வாமைக்கு அந்தச் சலுகை கிடையாது. தேக்குத் தூளும் ஈட்டி மரத்தூளும் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் கொடுக்கும். எம்.டி.எஃப்., பிளைவுட் இரண்டிலும் மரத்தோடு பசையும் சேர்ந்தே பொடியாகிறது.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் கடின மரத்தூளுக்கு வேலையிடத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு, நாள் முழுவதற்குமான சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 3 மில்லிகிராம். என் கொட்டகை ஒன்பது அடி உயரம், மொத்தம் சுமார் 30 கன மீட்டர். அப்படியென்றால் 90 மில்லிகிராம் தூள் காற்றில் மிதந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். சாம்பாருக்குப் போடுகிற ஒரு சிட்டிகை உப்பில் கால் பங்கு இருக்குமா? ஒரு பலகையை அறுத்தால் கைப்பிடிக் கணக்கில் தூள் வருகிறது.

ஸ்ட்ராவும் எக்ஸாஸ்ட் ஃபேனும்

கடையில் இரண்டு வகை இயந்திரங்கள் காட்டுவார்கள். ஒன்று, ஈரம், காய்ந்தது இரண்டையும் உறிஞ்சும் டிரம் மாதிரியான வேக்குவம் கிளீனர். இன்னொன்று, பெரிய மோட்டாரும் தொங்கும் துணிப்பையும் உள்ள டஸ்ட் கலெக்டர். இது சின்னது, அது பெரியது என்று நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. இரண்டும் வேறு வேறு பிராணிகள்.

இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது இழுவிசை அதிகம், உள்ளே வரும் அளவு கொஞ்சம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு நேர்மாறு: அறைப் புகையையே வெளியே தள்ளும், ஆனால் அதன் முன்னால் ஓர் அட்டையை வைத்தால் மூச்சுத் திணறிவிடும். வேக்குவம் கிளீனர் ஸ்ட்ரா ஜாதி. நல்ல வேக்குவத்தின் இழுவிசை தண்ணீரை இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்றக்கூடியது. ஆனால் ஹோஸ் வழியே வரும் காற்று விநாடிக்கு முப்பது, நாற்பது லிட்டர்தான். டஸ்ட் கலெக்டர் எக்ஸாஸ்ட் ஃபேன் ஜாதி. தண்ணீரை ஒரு சாண் ஏற்றினால் அதிகம். காற்றோ வேக்குவத்தைப்போல் நான்கைந்து மடங்கு இழுக்கும்.

இதனால்தான் ஒன்றின் குழாய் இன்னொன்றுக்கு ஆகாது. மரத்தூள் குழாயில் படியாமல் ஓட, காற்று விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். நாம் சாதாரணமாக வாங்கும் 110 மி.மீ. பி.வி.சி. பைப்பில் அந்த வேகம் வர விநாடிக்கு 170 லிட்டர் காற்று வேண்டும். இயந்திரங்களின் மேல் போட்டிருக்கும் கணக்கில் சொன்னால் சுமார் 360 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 360 கன அடி. வேக்குவத்தை அந்தப் பைப்பில் மாட்டினால் வேகம் நான்கு மீட்டரோடு நின்றுவிடும். தூள் பைப்புக்குள்ளேயே மணல் திட்டு மாதிரி படியும். மறுபக்கம், டஸ்ட் கலெக்டரில் சாண்டரின் 32 மி.மீ. ஹோஸை மாட்டினால், எக்ஸாஸ்ட் ஃபேன் முன்னால் அட்டை வைத்த கதைதான்.

அப்போது எது வாங்குவது? கையில் பிடிக்கும் கருவிகள் மட்டும் இருக்கிறதென்றால், அதாவது சாண்டர், ரவுட்டர், ஜிக்சா (வளைவாக அறுக்கும் சின்ன ரம்பம்), வட்ட ரம்பம் என்றால், வேக்குவம் போதும். போதும் என்ன, அதுதான் சரி. அந்தக் கருவிகளின் தூசு வாய் எல்லாமே 25 முதல் 40 மி.மீ. வரைதான் இருக்கும். திக்னசர் (பலகையின் தடிமனைச் சீவிக் குறைப்பது), பெரிய மேசை ரம்பம், பேண்ட்சா (பட்டை ரம்பம்) என்று தரையில் நிற்கும் இயந்திரம் வரும்போதுதான் டஸ்ட் கலெக்டருக்கு வேலை. திக்னசர் ஒரு பலகையை ஒரு முறை உள்ளே வாங்கித் துப்பினாலே அரை வாளி சீவல் வரும். வேக்குவம் அதில் அடைத்துக்கொண்டு நிற்கும். எப்போதாவது திக்னசர் வாங்குவோம் என்ற நினைப்பில் இப்போதே டஸ்ட் கலெக்டர் வாங்கி மூலையில் நிறுத்துவது, பிறக்காத பிள்ளைக்கு ஸ்கூல் பேக் வாங்குவது போல.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். 1400 வாட் என்பது அது குடிக்கும் மின்சாரம். உறிஞ்சும் திறன் இல்லை. காற்றோட்ட எண் பெரும்பாலும் ஹோஸ் மாட்டாமல், வடிகட்டி புதிதாக இருக்கும்போது எடுத்தது. உங்கள் கையில் அதில் பாதி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்.

கிளம்புகிற இடத்தில் பிடிப்பது

அகல்விளக்கை ஒரு முழ தூரத்தில் இருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்தில் இருந்து மூச்சை உள்ளே இழுத்து அணைத்துப் பாருங்கள், சுடர் அசையக்கூட அசையாது. ஊதும் காற்று ஒரு திசையில் கற்றையாகப் போகிறது. உறிஞ்சும் காற்று எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் கொஞ்சம் தள்ளிப் போனாலே வலுவிழக்கிறது. குழாய் வாயிலிருந்து, அந்தக் குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனால், காற்றின் வேகம் வாயில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது; ஏழு சதவீதம் போலத்தான் மிஞ்சும். நான்கு அங்குலக் குழாயை ரம்பத்திலிருந்து ஓர் அடி தள்ளி வைத்துவிட்டு, இயந்திரம் சரியில்லை என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

இதில் சாண்டர்தான் நமக்கு வரம். தூசு உறிஞ்சி மாட்டாவிட்டால் பட்டறையிலேயே மோசமான கருவி அது. அது கிளப்பும் தூள் அவ்வளவு நுண்ணியது. மாட்டினால் பட்டறையிலேயே சுத்தமான கருவி. காரணம், தூள் பிறக்கும் இடமும் உறிஞ்சும் துளையும் ஒரே தட்டில் இருக்கின்றன. வட்ட உப்புத்தாளின் துளையும் சாண்டர் தட்டின் துளையும் நேருக்கு நேர் வர வேண்டும், அவ்வளவுதான். ஐந்து அங்குலத் தட்டில் எட்டுத் துளை இருந்தால் எட்டுத் துளைத் தாளே வாங்க வேண்டும். வலை மாதிரி பின்னிய தாள் இப்போது கிடைக்கிறது, விலை கூடுதல், ஆனால் துளை பொருத்தும் தொல்லையே இல்லை. தாளும் சீக்கிரம் அடைக்காது. உறிஞ்சல் ரொம்ப அதிகமாக இருந்தால் சாண்டர் பலகையைக் கவ்விக்கொண்டு நகராது. ஹோஸ் கைப்பிடியில் இருக்கும் சின்ன ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்.

ரவுட்டருக்கு, வெட்டும் முனையான பிட்டைச் சுற்றி மறைக்கும் பிளாஸ்டிக் மூடி பெட்டியோடு வந்திருக்கும். நாம்தான் பார்வையை மறைக்கிறது என்று கழற்றி எறிந்திருப்போம். தேடி எடுத்து மாட்டுங்கள். வட்ட ரம்பம் பலகையின் நடுவே அறுக்கும்போது ஓரளவு பிடித்துவிடும்; ஓரத்தைச் சீவும்போது ஒரு பக்கம் திறந்தே இருப்பதால் பாதித் தூள் வெளியே ஓடிவிடும். மேசை ரம்பத்துக்கு அடியில் ஒரு குழாய் மட்டும் போதாது. பிளேடின் பல் மேலே வரும்போது தூளை உங்கள் முகத்தை நோக்கியே வீசுகிறது. மேலே உள்ள காப்பு மூடியிலும் ஒரு குழாய் வேண்டும். பலகையைக் குறுக்கே, வேண்டிய கோணத்தில் வெட்டும் மைட்டர் ரம்பம்தான் எல்லோரையும் தோற்கடிப்பது. பின்னால் இருக்கும் சின்ன வாயில் வேக்குவம் மாட்டினாலும் பெரும்பகுதி சுவரில்தான் அடிக்கும். அதற்குப் பின்னால் பிளைவுட்டில் மூன்று பக்கமும் மூடிய ஒரு கூண்டு செய்து, கூண்டின் அடியில் குழாய் வைப்பதுதான் கொஞ்சமாவது பலிக்கும்.

இழைப்புளியைப் பற்றி ஒரு வார்த்தை. அது தூள் கிளப்பாது, சுருள்தான் கொடுக்கும். தேக்குப் பலகையை 80ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து அரை மணி நேரம் தேய்ப்பதற்குப் பதில், தீட்டிய இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, கடைசியில் 220ஐ மட்டும் ஓட்டினால் போதும் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்). சாண்டர் வந்த பிறகு நம் ஊரில் இழைப்புளியை ஒதுக்கிவிட்டது எனக்கு வருத்தம்தான்.

ஹோஸ் என்கிற சில்லறை விஷயம்

இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கூடவே வந்த மெல்லிய ஹோஸை அப்படியே விட்டுவிடுகிறோம். ஒரே அளவு காற்று போகும்போது குழாயின் விட்டத்துக்கும் அதில் ஏற்படும் தடைக்கும் உள்ள உறவு ஏறத்தாழ ஐந்தாம் படி. 32 மி.மீ. ஹோஸை எடுத்துவிட்டு 50 மி.மீ. போட்டால் தடை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உள்ளே வரிவரியாக இருக்கும் ஹோஸ், வழவழப்பான பைப்பைவிட இரண்டு மூன்று மடங்கு தடை கொடுக்கும். ஆக, முடிந்த தூரம் வரை தடித்த, வழவழப்பான, நேரான வழி; கருவிக்குப் பக்கத்தில் கடைசி ஒன்றரை மீட்டருக்கு மட்டும் மெல்லிய ஹோஸ்.

டஸ்ட் கலெக்டருக்கு பிளம்பிங் கடையில் கிடைக்கும் கழிவுநீர் பி.வி.சி. பைப்பே தாராளம். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி பெண்டு இரண்டு போடுங்கள். கிளை பிரியும் இடத்தில் டீ வேண்டாம், ஒய் போடுங்கள். ஒய்யின் சாய்வு காற்று ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். நான் முதலில் தலைகீழாக ஒட்டிவிட்டு, சால்வென்ட் காய்ந்த பிறகு கவனித்தேன்.

அப்புறம் இணைப்பு. எந்தக் கம்பெனிக் கருவியின் வாயும் எந்தக் கம்பெனி ஹோஸிலும் நுழையாது என்பது இந்த உலகத்தின் விதி. இதற்கு நம் ஊர் மருந்து பழைய சைக்கிள் டியூப்தான். மூன்று அங்குல நீளத்துக்கு வெட்டி, இரண்டு வாயையும் சேர்த்து மாட்டி, கிளிப் போட்டு இறுக்கினால் காற்று கசியாது. கொஞ்சம் பெரிய வித்தியாசமாக இருந்தால் பி.வி.சி. துண்டை ஹாட் ஏர் கன்னில் இளக்கி, கருவியின் வாய் அளவுக்கு விரித்துக்கொள்ளலாம்.

பெயின்ட் வாளிச் சுழலி

வேக்குவத்தில் நேரடியாக சாண்டரை மாட்டினால் முதல் பத்து நிமிடம் அருமையாக இருக்கும். அதற்குப் பிறகு வடிகட்டியின் மேல் மாவு பூசியது போல நுண்தூள் படிந்து, உறிஞ்சல் படுத்துவிடும். தட்டிச் சுத்தம் செய்தால் அந்தத் தூள் அத்தனையும் உங்கள் முகத்துக்கே வரும். இதற்கு வழி, தூள் வேக்குவத்துக்குப் போவதற்கு முன்பே அதை வழியில் இறக்கிவிடுவது. சைக்ளோன் என்று கேட்டால் ஆன்லைனில் கறுப்புப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று கிடைக்கும்.

திருவிழாவில் குடை ராட்டினம் வேகம் எடுக்கும்போது தொட்டில்கள் வெளிப்பக்கம் விரிந்து பறக்கும் அல்லவா, அதேதான் நடக்கிறது. காற்று கூம்பின் ஓரமாக நுழைந்து சுற்றுகிறது. காற்றைவிடக் கனமான தூள் சுவரில் போய் ஒட்டி, சறுக்கிக்கொண்டே கீழே உள்ள வாளியில் விழுகிறது. தூள் இழந்த காற்று நடுக்குழாய் வழியே மேலேறி வேக்குவத்துக்குப் போகிறது. வீடு வெள்ளையடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் பெயின்ட் வாளியின் மூடியில் துளை போட்டு, கூம்பை போல்ட்டு போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. என் அனுபவத்தில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மாற்றம் தந்த பொருள் வேறில்லை. வேக்குவத்தின் டிரம்மை இப்போது மாதக்கணக்கில் திறப்பதே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, அடியில் விழுந்த தூளை மறுபடி கிளப்பி மேலே அனுப்பிவிடும். வாளி முக்கால் நிரம்பும்போதே கொட்டாவிட்டாலும் இதேதான். இரண்டாவது, வாளியின் வலு. ஒரு நாள் ஹோஸின் வாய் ஒரு பாலிதீன் தாளைக் கவ்விக்கொண்டது. காற்று வர வழியில்லாமல் வேக்குவத்தின் முழு இழுவிசையும் வாளிக்குள் ஏறி, பட்டாசு மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் வாளி இடுப்பொடிந்து நசுங்கிக் கிடக்கிறது. மெல்லிய டிஸ்டெம்பர் வாளி அது. இப்போது தடித்த சுவருள்ள வாளி ஒன்றை இன்னொன்றுக்குள் செருகி இரட்டையாக வைத்திருக்கிறேன்.

டஸ்ட் கலெக்டர் வைத்திருப்பவர்கள் கூம்புக்குப் பதில் பிளைவுட்டிலேயே ஒரு தடுப்புத் தட்டு செய்துகொள்ளலாம். ஃபில் தீன் என்ற அமெரிக்கர் பரவலாக்கிய வடிவம் இது. டிரம்மின் மூடிக்குக் கீழே ஒரு வட்டப் பலகை. அதன் ஓரத்தில் 240 டிகிரிக்கு, ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிக அகலத்தில் ஒரு பிளவு. சுற்றிவரும் தூள் அந்தப் பிளவு வழியே கீழே விழுந்துவிடும், திரும்ப மேலே வராது. ஜிக்சா இருந்தால் ஒரு மத்தியான வேலை.

எந்தச் சுழலியும் சீவலையும் கரட்டுத் தூளையும்தான் நன்றாகப் பிடிக்கும். மிக நுண்ணியது அதைத் தாண்டிப் போய்விடும். அங்கேதான் வடிகட்டியின் முறை வருகிறது.

வடிகட்டியும் வடாமும்

விலை குறைந்த டஸ்ட் கலெக்டரோடு வரும் துணிப்பை 30 மைக்ரானுக்கு மேற்பட்டதைத்தான் நம்பகமாகப் பிடிக்கும். மற்றதை அது ஏற்கெனவே இருந்த இடத்திலிருந்து எடுத்து, நன்றாகக் கலக்கி, உங்கள் மூக்கு உயரத்தில் அறை முழுக்கத் தெளிக்கும். தரை பளபளக்கும், காற்று முன்பைவிட மோசமாகும். ஒரு மைக்ரான் அளவு வரை பிடிக்கும் மடிப்பு வடிகட்டி, கேனிஸ்டர் என்பார்கள், அதை மாட்டுவது நல்லது. வேக்குவத்துக்கு ஹெப்பா வடிகட்டி. ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் வடிகட்டி மட்டும் ஹெப்பாவாக இருந்து, அது உட்காரும் ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று சந்து வழியே போய்விடும். வேக்குவம் காற்றை வெளியே விடும் துவாரத்தில் விரலால் தடவிப் பாருங்கள். மாவு ஒட்டினால் கசிகிறது.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய ஆலோசனைகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை வெளியே விட முடியாது. அதனால் விலை உயர்ந்த வடிகட்டி வைத்து அதையே திரும்ப அறைக்குள் விடுகிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. டஸ்ட் கலெக்டரின் பையைக் கழற்றிவிட்டு, சுழலிக்குப் பிறகு வரும் காற்றை ஒரு பைப்பில் வெளியே விட்டுவிடலாம். வடிகட்டியே வேண்டாம், அடைப்பும் இல்லை. ஒரே நிபந்தனை அக்கம்பக்கம். நான் வைத்த முதல் மாதத்திலேயே பக்கத்து மாடியிலிருந்து குரல் வந்தது: “தம்பி, இந்த வருஷம் எங்க வடாமெல்லாம் தேக்கு வாசனையா இருக்கு!” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் அன்றைக்கே பைப்பைத் தெருப்பக்கம் இருந்த வேப்பமரத்தை நோக்கித் திருப்பிவிட்டேன். வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் தெருவென்றால் இது வேண்டாம், வடிகட்டியே போடுங்கள்.

எவ்வளவு பிடித்தாலும் கொஞ்சம் தப்பும். அதற்கு ஜன்னலில் ஒரு 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் திறந்த கதவு. நீங்கள் கதவுப் பக்கமும் வேலை ஃபேன் பக்கமும் இருக்கும்படி மேசையைப் போடுங்கள். தூள் உங்களிடமிருந்து விலகிப் போகும். சீலிங் ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனால் விழப் பார்க்கும் தூளை விழவிடாமல் கிளப்பிக்கொண்டே இருப்பது அது. முதுகுக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் புளோவரால் ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. படிந்து சாதுவாகக் கிடந்ததை எல்லாம் மறுபடி காற்றில் ஏற்றும் காரியம் அது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது முகக்கவசம். இவ்வளவு தூரம் எழுதிய பிறகு இதைச் சொல்கிறேன். கடைக்குப் போகும்போது இதுதான் முதல். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற என்95 வாங்குங்கள். காதில் மாட்டுவது அவ்வளவு இறுக்கமாக உட்காராது. தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். அடிக்கடி வேலை செய்கிறவர்களுக்கு வடிகட்டி மாற்றும் ரப்பர் அரைமுகக் கவசம் கடைசியில் மலிவாகப் போகும். ரம்பத்தை நிறுத்தியதும் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெருக்க ஆரம்பிக்காதீர்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தது அதுதான்.

மின்சாரம், தீப்பொறி, பழைய கதவு

1400 வாட் வேக்குவமும் 1400 வாட் ரம்பமும் சேர்ந்து ஓடினால் 230 வோல்ட்டில் 12 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து இரண்டையும் மாட்டாதீர்கள். 16 ஆம்பியர் லைன் வேண்டும். முதலில் வேக்குவம், அது வேகம் எடுத்த பிறகு ரம்பம்.

பி.வி.சி. பைப்பில் தூள் உரசி நிலைமின்சாரம் ஏறும், தொட்டால் சுருக்கென்று அடிக்கும். பைப்பின் மேல் செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றி எர்த்தில் இணைத்தால் அடிப்பது குறையும். இந்த நிலைமின்சாரத்தால் பட்டறை வெடித்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். மரத்தூள் வெடிப்பு உண்மைதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் இரண்டு மர அறுவை ஆலைகள் அப்படி வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். ஆனால் வெடிக்க ஒரு கன மீட்டருக்குச் சுமார் 40 கிராம் தூள் காற்றில் மிதக்க வேண்டும். என் கொட்டகையில் அது ஒரு கிலோவுக்கு மேல். கை நீட்டினால் விரல் தெரியாது. வீட்டுப் பட்டறையில் அதைவிட நிஜமான ஆபத்து, வாளிக்குள் புகையும் நெருப்பு. இடித்த வீட்டு மரத்தை வாங்கி அறுக்கும்போது உள்ளே இருக்கும் ஆணியில் பிளேடு பட்டுப் பொறி பறக்கும். உளி தீட்டும் கிரைண்டரின் பொறியை அதே வேக்குவம் இழுத்தாலும் இதே கதைதான். வாளியில் விழுந்த பொறி மணிக்கணக்கில் கனன்றுவிட்டு நடுராத்திரியில் பற்றும். அதனால் வேலை முடிந்ததும் வாளியை வெளியே கொட்டிவிடுவேன்.

பழைய வீட்டுக் கதவு, ஜன்னலை வாங்கிப் புதுப்பிக்கிறவர்களுக்கு இன்னொன்று. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டை, அதுவும் அடுக்கடுக்காக இருப்பதை, சாண்டரால் தேய்க்க வேண்டாம். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து, கரைசலை ஈரம் காயும் முன் துணியால் வழித்து எடுத்துவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதையும் வெளியாளிடம் கொடுத்துவிடுவது நல்லது.

செய்த மாற்றம் பலித்ததா என்று தெரிந்துகொள்ள பெரிய கருவி எதுவும் வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை மேசை மேல் பக்கவாட்டில் வைத்து, கவசம் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் சாண்டரை ஓட்டுங்கள். எந்த மூட்டிலிருந்து புகை மாதிரி கிளம்புகிறது என்று ஒளியில் அப்பட்டமாகத் தெரியும். அந்த மூட்டுக்கு சைக்கிள் டியூப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். என் பட்டறையில் சாண்டர், ரவுட்டர் பக்கம் இப்போது ஒளி சுத்தமாகப் போகிறது. மைட்டர் ரம்பத்துக்குப் பின்னால்தான் இன்னும் மினுமினுக்கிறது. அதற்கு மூன்றாவது கூண்டு அடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டும் இப்போது செருப்பு வைக்கும் அலமாரி.